ஒற்றை விசில்

நவநீதன் செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வாசலிலும் ஒன்று தெருவிலும் போய் விழுந்தது. உள்ளே சுடர்க்கொடி ஒரு நீளக் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகப் போய் இளைஞர்களுக்கு நாடகப் பயிற்சி கொடுப்பவள். நவநீதனும் அவளிடம் பயின்றவன்தான். அவனைவிட நாலு வயதுதான் மூத்தவள் என்றாலும் அவள் சொல்தான் அவனுக்கு வேதம். அன்று மட்டும் அப்படி இல்லை.

“அக்கா, இந்த ஜனத்துக்குச் சூடு சொரணையே கிடையாது.”

“யாருக்கு?”

“காலனிக்காரங்களுக்குத்தான். சனிக்கிழமை நம்ம நாடகத்துக்கு எப்படிக் கை தட்டினாங்க! இன்னைக்கு நானே போய் அவங்க ஸ்டாப்புல நின்னேன். ஏழு நாற்பது பஸ் வந்துச்சு. புழுதியை வாரி இறைச்சிட்டு அது பாட்டுக்குப் போச்சு. எல்லாரும் பையைத் தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

கோபம் வரத்தான் செய்யும். ஊர் ஸ்டாப்பில் ஒரே ஒரு ஆள் கைகாட்டினாலும் அந்த பஸ் நிற்கும். காலனி ஸ்டாப்பில் இருபது பேர் நின்றாலும் டிரைவரின் கால் பிரேக்குக்குப் போகாது. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று மனு கொடுத்தாயிற்று. மூன்றும் எங்கேயோ தூங்குகின்றன.

காலனியில் இருக்கும் அஞ்சலையின் மகள் வெண்ணிலா பிளஸ் டூ படிக்கிறாள். நாலு கிலோமீட்டர் நடந்து போவாள். தாமதமாக வந்தவள் என்று முதல் பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். நிற்காத பஸ்ஸுக்குத் தண்டனை இல்லை, நடந்து வந்த பெண்ணுக்கு உண்டு! “வெளிய நிக்கவா உன்னை அனுப்பறேன்? திங்கட்கிழமையிலேர்ந்து மில்லுக்குப் போ” என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். அன்று செவ்வாய்.

“பஸ்ஸை நிறுத்தினது யாரு?” என்று கேட்டாள் சுடர்க்கொடி.

“அதான் நிக்கலன்னு சொல்றேனே!”

“நாடகத்துல.”

“நான்தான். டிரைவர் வேஷம் நான்தானே.”

அந்த நாடகத்தை எழுதியவனும் அவன்தான். கடைசிக் காட்சியில் டிரைவர் மனம் திருந்துவார். பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து காலனி ஜனங்களைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். அந்தக் கும்பிடுக்குத்தான் கைதட்டல் அதிகம். நவநீதனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சுடர்க்கொடி கயிற்றைச் சுருட்டி வைத்தாள்.

“வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவை போடுவோம். கண்டக்டர் விசில் என்கிட்ட இருக்கட்டும். ஒத்த விசில் கேட்டா நிறுத்து. கேட்கலன்னா ஓட்டு.”

வியாழக்கிழமை தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மைதானத்தில் காலனியே கூடியிருந்தது. கயிற்றுக்குள் ஆறு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள், அதுதான் பஸ். முன்னால் நவநீதன். நட்டுவைத்த கம்புதான் ஸ்டாப். அங்கே மாணவி வேஷம் போட்ட ஒரு பெண் புத்தகப் பையோடு கைகாட்டினாள்.

பஸ் ஸ்டாப்பை நெருங்கியது. விசில் வரவில்லை. நவநீதன் தாண்டி ஓடினான்.

ஒரு சுற்று சுற்றி வந்தான். அப்போதும் விசில் இல்லை. கூட்டம் சிரித்தது.

மூன்றாவது சுற்றிலும் நாலாவது சுற்றிலும் அதே கதைதான். அவனுக்கு மூச்சு வாங்கியது. சுடர்க்கொடியை முறைத்தான். விசில் அவள் மடியில் கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. நாடகத்தைக் கெடுக்கிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது சுற்றில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஸ்டாப்பில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே தான் ஓடுவது அப்போதுதான் நவநீதனுக்கு உறைத்தது. பார்க்காமல் இருந்தால் தாண்டிப் போவது சுலபமாகத்தான் இருந்தது.

“டேய், நிறுத்துடா!” என்று யாரோ கத்தினார்கள்.

விசில் வரவில்லை. அவன் ஓடினான்.

ஆறாவது சுற்றில் அஞ்சலை எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வந்து நடு வழியில் நின்றாள்.

“என் மேல ஏத்திட்டுப் போடா, பார்க்கலாம்!”

கயிறு அவள் வயிற்றில் போய் முட்டியது. அவள் அசையவில்லை. பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். அப்புறம் ஏழெட்டுப் பேர். வெண்ணிலா ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்குள் இருந்த ஆறு பேருக்கும் முன்னால் போக வழி இல்லை.

யாரும் கை தட்டவில்லை. கலைந்தும் போகவில்லை. அஞ்சலையைச் சுற்றி நின்று ஆளாளுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடிகர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நவநீதன் வேர்வை சொட்டச் சொட்டச் சுடர்க்கொடியிடம் வந்தான்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? டிரைவர் திருந்தவே இல்ல. மன்னிப்புக் கேட்கல. பாட்டு இல்ல. நாடகம் முடியவே இல்லையே!”

சுடர்க்கொடி கயிற்றைச் சுருட்டினாள்.

“காலையில ஏழு நாற்பதுக்கு முடியும். நீயும் வா.”