அங்கமுத்து தேர்வில் தோற்ற கதை

மருதங்கோட்டை ராஜா சூரசேகரனுக்குத் தத்துவம் என்றால் உயிர். அதில் ஓர் எழுத்தும் புரியாது. அதனாலேயே மரியாதை அதிகம். அரண்மனைக்குப் பக்கத்திலேயே தத்துவசாலை ஒன்றைக் கட்டி, வாதகேசரியார் என்ற பண்டிதரிடம் ஒப்படைத்திருந்தார்.

அங்கே முதுநிலை வகுப்பில் சேர்ந்தவர்கள் யாரும் வெளியே வந்ததே இல்லை. தாடி நரைத்தும் மாணவர்கள்தான். பண்டிதரின் வயலில் நாற்று நடுவது, அவர் மாட்டுக்குப் புல் அறுப்பது, நேரம் மிஞ்சினால் பிரம்மத்தைப் பற்றி யோசிப்பது. இதுதான் படிப்பு.

அரசவையில் குறும்புப் பேச்சுக்குப் பேர் போன அங்கமுத்துவுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அக்காள் பொன்னாயி அழுதுகொண்டு வந்து நிற்கும்வரை.

"தம்பி, உன் அத்தான் படிக்கப் போனப்ப எம் மக தவழ்ந்துக்கிட்டிருந்தா. இப்ப அவளுக்குக் கல்யாணம். தேர்வுல தேறலைன்னு பண்டிதர் விடமாட்டேங்கிறாராம்!"

அங்கமுத்து நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, தத்துவசாலைக்கு உள்ளே போகிற வாசல் இருக்கிறது. வெளியே வருகிற வாசலை வைக்க மறந்துவிட்டீர்களா?"

வாதகேசரியார் பொங்கி எழுந்தார். "தேர்வு மிக எளிது! மாணவன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். நான் ஒப்புக்கொண்டால் தேர்ச்சி. மறுத்தால் தோல்வி."

"ஒருத்தர்கூடவா உண்மை பேசவில்லை?"

"ஒருவன் 'நெருப்பு சுடும்' என்றான். சுடுவது நெருப்பா, உன் தோலா என்றேன். உன் அத்தான் 'நான் இருக்கிறேன்' என்றான். அதை நீயே சொன்னால் எப்படி, சாட்சி உண்டா என்றேன்."

"அடடா, என்ன ஆழம்!" என்று ராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தக் கோமாளியும் சொல்லிப் பார்க்கட்டும்" என்றார் பண்டிதர். "தோற்றால் ஆயுள் முழுக்க என் மாணவன்."

"சரி. ஜெயித்தால் கேட்டதைத் தருகிறேன்" என்றார் ராஜா.

பண்டிதரின் மாட்டுத்தொழுவம் அங்கமுத்துவின் கண்முன்னே வந்து போனது. பிறகு கைகூப்பினான்.

"பண்டிதரே, இந்தத் தேர்வில் நான் தோற்றுவிட்டேன்."

பண்டிதர் துள்ளிக் குதித்தார். "ஆமாம்! தோற்றுவிட்டாய்!"

"ஒப்புக்கொண்டீர்களே! ஒப்புக்கொண்டால் தேர்ச்சி அல்லவா?"

பண்டிதரின் முகம் வெளுத்தது. "இல்லை, இல்லை! மறுக்கிறேன்! நீ தோற்கவில்லை!"

"அதைத்தான் உங்கள் வாயால் கேட்க ஆசைப்பட்டேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் அவருக்குத் தத்துவம் முதல்முறையாகப் புரிந்தது.

"என்ன வேண்டும், கேள்!"

"உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பட்டம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், மகாராஜா."

மாலைக்குள் தத்துவசாலை காலி. வீட்டுக்கு வந்த அத்தான் மகளைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டார். அது தத்துவக் கேள்வி இல்லை. நிஜமாகவே தெரியவில்லை.

மறுநாள் ராஜா அங்கமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். "சாலைக்கு இனி நீதான் தலைவன். எப்போது உள்ளே போகிறாய்?"

"வேண்டாம் மகாராஜா" என்று பின்வாங்கினான் அங்கமுத்து. "அங்கிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் நேற்றே செலவழித்துவிட்டேன்."