தாளாளர் பேச்சில் கத்தரி

ஏரி தூர்வாரியதை மாணவர்கள் படம்பிடித்து, போட்டிக்காக மூன்று நிமிட வீடியோவாக்கினார்கள். மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தொடக்க விழாவில் தாம் பேசிய நாற்பது நிமிடமும் அதில் வரவேண்டும் என்றார் கல்லூரித் தாளாளர்.

"ஒரு வார்த்தைகூட வெட்டக்கூடாது. வெட்டினா வீடியோ போகாது!"

எடிட்டிங் செய்த மாணவி பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பணிவாக, "சரிங்க சார், முழுப் பேச்சையும் ஒரு தடவை பாத்துருங்க" என்று ஓடவிட்டாள்.

பத்தாவது நிமிடத்தில் தாளாளர் குறட்டை விட்டார். அவள் நிறுத்தியதும் திடுக்கிட்டு விழித்தார்.

"எங்கம்மா மிச்சப் பேச்சு? வெட்டிட்டியா?"

"நான் வெட்டலை சார். பத்து நிமிஷத்துக்கு மேல நீங்கதான் வெட்டிட்டீங்க."

மாணவர்கள் சிரிப்பை அடக்கத் திணறினார்கள். தாளாளர் அசடு வழிந்தார்.

"பத்து செகண்டு போதும்மா."

ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் வீடியோ போய்ச் சேர்ந்தது. பூங்கோதை அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.