ஒரே குழியில் பதினொரு மரம்

பூங்குளத்தை ஆண்ட செண்பகவர்ம மகாராஜாவுக்கு மரங்கள் மேல் கொள்ளை ஆசை. ஆசை என்றால் நடுகிற ஆசை. தண்ணீர் ஊற்றுகிற ஆசை அவருக்கும் இல்லை, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் இல்லை.

ஆண்டுதோறும் பிறந்தநாளன்று கலாசாலைக்குப் பல்லக்கில் வருவார். ஆயிரம் மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். மேளம் முழங்கும். பந்தலுக்கு நடுவே ராஜா ஒரு மாங்கன்றைக் குழியில் வைத்து, தங்கச் செம்பால் தண்ணீர் ஊற்றுவார். 'மன்னர் நட்ட மரம்' என்று ஒரு கல்லை நாட்டுவார்கள். கலாசாலைத் தலைவர் பூரணலிங்கம் அரைநாள் பேசுவார். நீரைக் காப்போம், மண்ணைக் காப்போம் என்று அவர் முழங்க முழங்க, முதுகுக்குப் பின்னால் கலாசாலையின் அலங்கார நீரூற்று சளசளவென்று பொங்கி வழியும். அத்தோடு விழா முடிந்தது. மறுநாள் அந்தப் பக்கம் ஈ காக்காய் இருக்காது.

இப்படியே பதினொரு ஆண்டு போயிற்று. அடுத்த பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது ராஜா சபையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இந்த முறை பந்தல் வேண்டாம். நான் நட்ட பதினொரு மரங்களின் நிழலில் உட்கார்ந்து, மாணவர்களோடு இலை போட்டுச் சாப்பிடப் போகிறேன்."

சபையில் இருந்த பூரணலிங்கம் மெல்ல எழுந்தார்.

"மகாராஜா... அந்த மரங்கள் பட்டுப்போய்விட்டன."

"பதினொன்றுமா? போன மாதம்கூடப் பூத்துக் குலுங்குகின்றன என்றீரே!"

"அதற்கப்புறம்தான் பட்டுப்போயின. எல்லாம் தோட்டக்காரி மாடத்தியால் வந்த வினை. சோம்பேறி. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை."

ராஜாவுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "பிறந்தநாள் உச்சிவேளையில் அந்தக் கலாசாலையில் எனக்கு மரநிழல் வேண்டும். இல்லாவிட்டால் மாடத்தி அன்றைக்கே நாட்டை விட்டுப் போய்விடட்டும்!"

சபையில் ராஜாவிடம் பயமில்லாமல் பேசுகிறவர் ஒருவர்தான். அவர் பெயர் தேனப்பர்.

"மன்னா, பத்து நாளில் கீரை வளரும். மரம் வளராதே."

"அது அவள் பாடு."

"அப்படியே ஆகட்டும். இலை போடும் இடத்தை மட்டும் என் பொறுப்பில் விடுங்கள்."

"விட்டேன்!"

தேனப்பர் நேரே மாடத்தியைத் தேடிப் போனார். அவள் அழுதபடியே துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவே இல்லையா நீ?"

"எங்கிட்டு இருந்து சாமி ஊத்த? கெணத்துத் தண்ணி பூராம் நீரூத்துக்குப் போயிருது. ஒரு கொடம் கேட்டா, 'ராசா வாரப்ப ஊத்து வறண்டு கெடக்கக் கூடாது, போ'ன்னு கலாசாலைப் பெரியவரு வெரட்டுறாரு. நான் என்ன செய்ய?"

"உன் கையால் ஒரு மரம்கூட வளரவில்லையா?"

மாடத்தி அக்கம்பக்கம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே இருந்ததைப் பார்த்ததும் தேனப்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மூட்டையைப் பிரித்துவிடம்மா" என்றார்.

பிறந்தநாளும் வந்தது. உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. மரம் நடும் குழிக்குப் பக்கத்தில் ராஜாவுக்கு இலை போட்டிருந்தார் தேனப்பர். ராஜா உட்கார்ந்தார். கிரீடம் சுட்டது.

"தேனப்பரே, நிழல் எங்கே?"

"தாங்கள் மரம் நட்ட இடம் இதுதான். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், மன்னா."

பந்தலும் தோரணமும் இல்லாததால் அன்றுதான் ராஜாவின் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. எண்ணினார். கல் பதினொன்று. குழி ஒன்று.

"எல்லாம் ஒரே குழியிலா?"

"வருஷா வருஷம் புதுக்குழி வெட்டுவானேன் என்று தலைவர் சிக்கனம் பார்த்திருக்கிறார்."

ராஜா திரும்பினார். "பூரணலிங்கம், விழாவுக்கு மறுநாள் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற என்ன ஏற்பாடு?"

"மறுநாள்... விழா கிடையாதே, மகாராஜா!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தேனப்பர் ராஜாவின் இலையைத் தாமே எடுத்துக்கொண்டார். "எழுந்து வாருங்கள். சாப்பாடு அந்தப் பக்கம்."

சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு போன ராஜா அப்படியே நின்றுவிட்டார். இருபது மாமரம். தரையில் ஒரு கை அகலம்கூட வெயில் இல்லை. ஜிலுஜிலுவென்று காற்று.

"ஆகா! இதையெல்லாம் நட்டது யார்?"

மாடத்தி முன்னால் வந்தாள். "யாரும் நடல சாமி. புள்ளைங்க மாம்பழம் தின்னுட்டுக் கொட்டைய எறிஞ்சாங்க. மொளச்சுச்சு. ஆயிரம் பேரு கை கழுவுற தண்ணி சும்மா சாக்கடைக்குப் போச்சு. நான் வாய்க்கா வெட்டி இங்கிட்டுத் திருப்பிவிட்டேன். எச்சி எலைய மக்க வச்சு எருவாப் போட்டேன். அம்புட்டுத்தான்."

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"பெரியவரு இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. பாத்து, உத்தரவில்லாம மொளச்ச மரமுன்னு வெட்டச் சொல்லிட்டா?"

ராஜா உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று முறை பாயசம் வாங்கிக்கொண்டார். வயிறு குளிர்ந்ததும் உத்தரவுகள் பிறந்தன. நீரூற்று இன்றோடு மூடப்படும். குளிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர் எல்லாம் மரங்களுக்கே போகும். கலாசாலை மண்ணுக்கும் நீருக்கும் இனி மாடத்திதான் அதிகாரி. அவள் சொன்னால் தலைவரும் கேட்க வேண்டும். அந்தக் குழியில் இன்று வைக்கும் கன்றுக்குப் பூரணலிங்கம் தம் தோளில் தினமும் இரண்டு குடம் சுமந்து ஊற்ற வேண்டும்.

மாடத்தி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அதைப் பார்த்து ராஜாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"இது போதாது! நாளைக்கே மேளதாளத்தோடு இந்தத் தோப்புக்கு ஒரு பெரிய விழா எடுத்து, என் கையால் ஒரு கல் நாட்டப்போகிறேன்!"

மாடத்தி பதறிப்போய் அவர் காலில் விழுந்தாள்.

"வேணாம் சாமி! இந்த மரங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகளெல்லாம் பறந்துபோயின.