சுண்டை வற்றலும் முன்சுவைக்காரனும்

வெகு காலத்துக்கு முன்னால் சுரபுன்னை நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் மாறவேள் ராஜா. அவருக்குச் சமைத்துப்போட்டவள் நாச்சாள். அன்றைக்கு அவள் அடுக்களையில் நின்று, "நான் ஏதாவது தப்பாச் சொல்லித் தொலைச்சிட்டா என்ன பண்றது?" என்று மந்திரி ஆதிச்சனிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாயே திறக்க வேண்டாம், அக்கா. பரிமாறுங்க, போதும்," என்றார் மந்திரி.

விஷயம் இதுதான். ஒரு நாள் ராஜா கடித்த வெள்ளரிப்பிஞ்சு கசந்துவிட்டது. அவ்வளவுதான். "இனி என் அரண்மனைக்குள் கசப்பைக் கொண்டுவருபவரை நாடு கடத்துவேன்!" என்று கத்திவிட்டார். பாகற்காய் போயிற்று, வேப்பம்பூ ரசம் போயிற்று. எந்நேரமும் பாயசம், அதிரசம், சர்க்கரைப் பொங்கல். ராஜாவுக்கு வயிறு பானையாக ஊதிப் பசி செத்துப்போனது. அவர் நடை பழகிய நாளிலிருந்து சோறூட்டிய நாச்சாளுக்கு மனசு தாங்கவில்லை.

லாயத்து வேலியில் கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடந்த சுண்டைக்காயைப் பறித்தாள். கல்லால் தட்டிப் பிளந்து, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மோரில் போட்டு, மறுபடி காயவைத்து வற்றலாக்கினாள். அதை வறுத்து நொறுக்கி, சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து முதல் கவளமாகத் தின்றால் மந்தித்த வயிறு இளகும், பசி எடுக்கும். அது அவள் கைகண்ட வைத்தியம். ஆனால் கசக்குமே! துரத்திவிட்டால் எங்கே போவாள்?

"ஏகம்பன் இருக்கும்வரை பயமில்லை," என்று சிரித்தார் மந்திரி.

"அந்த ஆளா? என்னைத் துரத்திட்டு தன் மச்சினனை அடுக்களையில உட்கார வைக்கத்தானே அலையறான்!"

ஏகம்பன் அரண்மனையின் முன்சுவைக்காரன். ராஜாவின் இலையில் விழுவதை முதலில் அவன் தின்று பார்த்து, சபை கேட்க ருசியைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லே சாட்சி. ராஜாவைக் குளிரவைக்க அவன் எதற்கும், "தேன், மகாராஜா, தேன்!" என்பான். சில நேரம் வாயில் போடுமுன்பே சொல்லிவிடுவான்.

இலை போட்டாயிற்று. நாச்சாள் வற்றல் சோற்றை வைத்தாள்.

"தேன், மகாராஜா, தேன்!" என்று கூவிவிட்டுத்தான் மென்றான் ஏகம்பன். அவன் முகம் கோணியது.

ராஜாவும் தின்றார். புருவம் ஏறியது. நாச்சாளுக்கு உயிர் போய் வந்தது. இன்னொரு கவளம் எடுத்தார். பிறகு நீளமாக ஒரு ஏப்பம்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு, நாச்சா. பசிக்கிறது!"

ஏகம்பன் குதித்தான். "மகாராஜா, இது சுண்டைக்காய்! கசப்பு! இவளைத் துரத்துங்கள்!"

மந்திரி எழுந்தார். "ஏகம்பரே, இது தேன் என்றால் நாச்சாள்மேல் குற்றமில்லை. கசப்பு என்றால், அதைத் தேன் என்று சொல்லி ராஜாவின் வாய்க்குள் விட்டவர் நீர். எது?"

"தே... தேன்தான்," என்றான் ஏகம்பன்.

"அப்படியானால் இந்தா, இன்னும் ஒரு பிடி," என்று நீட்டினார் ராஜா.

கண்ணில் நீர் வழியத் தின்று, "தேன்..." என்று முனகினான். சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

"நாளையிலிருந்து லாயத்துக்குப் போய்க் கொள்ளு ருசி பார். குதிரைகளுக்கு முகஸ்துதி தெரியாது," என்றார் ராஜா. பிறகு தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நாச்சாளின் கையில் வைத்தார். "கசப்புக்கு இருந்த தடை போயிற்று. இப்போது சந்தோஷம்தானே?"

"இன்னைக்குச் சிரிக்கிறீங்க, சாமி. நாளைக்கு இன்னொரு காய் கசந்தா மறுபடி கத்துவீங்களே!"

அவள் அங்கே நிற்கவில்லை. வற்றல் ஜாடியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேரே அந்தப்புரத்துக்குப் போனாள். "தாயே, இனி இது உங்க பொறுப்பு. உங்க கையாலதான் ராஜா இலையில வைக்கணும்," என்று மகாராணியின் மடியில் இறக்கிவிட்டு வந்தாள். யாரை நாடு கடத்தினாலும், மகாராணியை நாடு கடத்த அந்த ராஜாவுக்குத் தைரியம் கிடையாது.