பொட்டு வைத்த ஃப்யூஸ்

மெக்கானிக் அந்தோணிப்பிச்சையைப் பூவலிங்கம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பட்டறை வாசலில் உட்கார்ந்து உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார். பூவலிங்கத்தின் பழைய காரில் ஹார்ன் அடிக்கவில்லை. மகள் கல்யாணமோ நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மாப்பிள்ளையைக் கார்ல ஏத்தி, ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி ஹார்ன் அடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். இல்லேன்னா வந்த பஸ்ஸை அப்படியே திருப்பிருவோம்."

"ஃப்யூஸ் போயிருக்கும் அண்ணாச்சி," என்றார் அந்தோணிப்பிச்சை. "கரண்டு அதிகமா வந்தா அது எரிஞ்சு வண்டியைக் காப்பாத்தும். அதான் அதோட வேலை. பானட்டைத் திறந்து ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. வேலை செய்யாததைத் தூர எறிஞ்சிட்டு இதை மாட்டுங்க."

ஒரு புது ஃப்யூஸைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அந்த வாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

கல்யாணத்தன்று காலையில் பூவலிங்கமும், மச்சினன் தங்கையாவும், தம்பி சுடலைமுத்துவும் பானட்டைத் திறந்தார்கள். என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஹார்ன், விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் குழல். மற்றதிலெல்லாம் கம்பி பளபளவென்று இருந்தது. ஹார்னுடையது மட்டும் கருகிக் கிடந்தது.

"இதுல வேலை செய்யாதது எது?" என்றார் பூவலிங்கம்.

தங்கையா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஃப்யூஸோட வேலை என்ன அத்தான்?"

"எரியுறது."

"எரிஞ்சது எது?"

"கருப்பா இருக்குறது."

"அப்போ வேலை பாத்தது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வந்த நாள்லருந்து சொகுசாப் படுத்துக் கிடக்கு."

சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தன் உயிரைக் குடுத்து உழைப்பான், மத்தவன்லாம் மினுக்கிட்டு நிப்பானுவளா?" என்று நல்லவற்றையெல்லாம் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தான்.

பூவலிங்கம் புதியதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது?"

"இது இன்னும் வேலைக்கே சேரலையே அத்தான்."

அதுவும் கிணற்றுக்குப் போனது. கருகியதைத் துடைத்து, குங்குமப் பொட்டு வைத்து, பழையபடி மாட்டினார்கள். ஹார்ன் அடிக்கவில்லை. இப்போது விளக்கும் எரியவில்லை, வைப்பரும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து, பட்டுச்சேலையோடு மகள் வந்து நின்றாள். "அப்பா, பஸ் வந்துட்டாம்."

பூவலிங்கம் பொட்டு வைத்த ஃப்யூஸை மறுபடியும் அழுத்தி மாட்டிப் பார்த்தார்.

"செத்தவன்கிட்ட போயி வேலை கேக்கலாமா அத்தான்?" என்றான் தங்கையா. "நாம இத்தனை பேரு இருக்கோம்லா."

பானட் மேல் ஏறி உட்கார்ந்து, "பாம்... பாம்..." என்று அவன் அடித்த சத்தத்தில் கோழிகள் கூரை ஏறின. சுடலைமுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டப்பகலில் ஒரு கையில் பெட்ரோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு, திருப்பங்களில் மறுகையை நீட்டினான். மழையே இல்லாவிட்டாலும் பூவலிங்கம் ஒரு கையால் ஓட்டி, மறுகையால் துண்டைப் போட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் தாய்மாமன் முறைத்துக்கொண்டு நின்றார். தங்கையா அவர் காதுக்கு நேராக ஒரு "பாம்" விட்டான். அவர் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

குடையை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, "ஒரிஜினல் ஹார்ன்," என்றார் அவர். "எங்க ஊரு வண்டியில இதெல்லாம் கிடையாது. மாப்பிள்ளை, ஏறுங்க."

கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது. பொட்டு வைத்த ஃப்யூஸ் பெட்டிக்குள் இருக்கிறது. மத்தியானத்தில் மட்டும் ஹார்ன் இருக்காது. சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கும்.