முடிவு இந்த முடிச்சுக்குள்

மங்கலக்கோட்டை ராஜா சொக்கநாத பூபதிக்குக் காத்தன் கதை என்றால் உயிர். காத்தன் யார்? அந்தச் சீமையே தலையில் வைத்துக் கொண்டாடிய, கதையில் வரும் திருடன். உப்புத் தின்ற வீட்டில் மட்டும் கை வைக்க மாட்டான். கதை முடிந்துவிட்டது என்றால் ஊர் விடுமா? காத்தன் அப்புறம் என்ன செய்தான் என்று ஆளாளுக்கு ஒரு கிளைக்கதை எழுதி அரண்மனைக்கு அனுப்பினார்கள். சுவடிகள் மலையாய்க் குவிந்தன.

ராஜா உத்தரவு போட்டார். ஒவ்வொரு சுவடியின் மேலும் கதையைச் சுருக்கி ஒரு முகப்போலை வைத்துக் கட்ட வேண்டும். ஓலை பிடித்தால் சுவடியை அவிழ்ப்பார். பிடிக்காவிட்டால் அது வெந்நீர் அடுப்புக்கு.

அங்கேதான் ஆஸ்தானப் புலவர் ஏகாம்பரம் புகுந்தார். கண்டவர்களும் கதை எழுதுகிறார்களே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். முடிவு இல்லாத ஓலை அரைகுறை என்று ராஜாவின் காதைக் கடித்தார். முடிவோடு வந்தால், இதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது என்று அதையும் தள்ளவைத்தார். ஆக, முடிவைச் சொன்னாலும் அடுப்பு, சொல்லாவிட்டாலும் அடுப்பு. அரண்மனையில் வெந்நீருக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

கோயிலுக்குப் பூக்கட்டும் அலர்மேலு, ஒரு வருஷம் பாடுபட்டு எழுதிய சுவடியோடு அரண்மனை விகடகவி திருமேனியிடம் வந்து அழுதாள். சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவர் அவர். முகப்போலையைப் பார்த்தார். 'எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது. உள்ளே நன்றாக இருக்கும். தயவுசெய்து படிக்கவும்' என்றிருந்தது.

"ஏம்மா, விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, எனக்குச் சமைக்க வராதுன்னு வாசலிலே எழுதி வைப்பியா?"

அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதும்போது எந்த இடத்தில் கை ஓடாமல் நின்றாய் என்று கேட்டார். சொன்னாள். அதையே ஓலையில் எழுதவைத்து, நூலை இறுக்கி முடிச்சுப் போட்டுத் தாமே சபைக்குக் கொண்டுபோனார். இதுவும் தேறாவிட்டால் உம் தலைப்பாகையும் அடுப்புக்குத்தான் என்றார் ராஜா. ராஜா படித்தார்.

"தம்பியைத் தூக்கிலிருந்து மீட்கக் காத்தனுக்குப் பொன் வேண்டும், பொழுது சாய்வதற்குள். பொன்பெட்டி இருக்கும் வீட்டுக்காரியோ, வந்தவன் திருடன் என்று தெரியாமல் இலை போட்டு, உப்பு வைத்து, சாப்பிடு என்கிறாள். அவனுக்கு மூன்று நாள் பசி. கை இலைக்குப் போனதா, பெட்டிக்குப் போனதா? முடிவு இந்த முடிச்சுக்குள்."

"முடிவைச் சொல்லவில்லையே," என்றார் புலவர்.

"முடிவு இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறதே," என்றார் திருமேனி.

"அப்படியானால் சொல்லியாயிற்று. அடுப்புக்குப் போகட்டும்."

"சரி ஐயா. காத்தன் என்ன செய்தான், சொல்லும் பார்ப்போம்."

ராஜா இதை எதையும் கேட்கவில்லை. அவர் கை அதற்குள் முடிச்சை அவிழ்த்திருந்தது. வெந்நீர் தயார் என்று இரண்டு முறை ஆள் வந்து நின்றான். ராஜா நிமிரவே இல்லை. புலவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மெல்ல நகர்ந்து சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். ராஜா கடைசி ஓலையை எடுத்ததும், புலவர் முந்திப் படித்துவிட்டார்.

"அடடா, கடைசியில் காத்தன் அந்த இலையை..."

"வாயை மூடும், ஓய்! முடிவைச் சொன்னீரோ, அடுப்புக்குப் போவது சுவடி இல்லை, நீர்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது ராஜாவுக்கே உறைத்தது. சபை அதிரச் சிரித்து, இனி ஒரு சுவடியும் அடுப்புக்குப் போகக்கூடாது என்றார். அலர்மேலுவுக்குத் தங்க எழுத்தாணி கிடைத்தது. திருமேனி தலைப்பாகையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எரிக்கச் சுவடி இல்லாமல் அடுப்பு அணைந்து, இருந்த வெந்நீரும் ஆறிவிட்டதால், ராஜா அன்றைக்குக் குளித்தது பச்சைத் தண்ணீரில்.