வாசலில் நிற்கும் எருமை

தில்லைநாயகம் தன் செங்கலுக்கு வைத்திருந்த பெயர் 'பெருமை'. ஆளும் அப்படித்தான். அவருடைய ஆற்றோரச் சூளையில் கல் அறுக்கும் கன்னியம்மா, "நம்ம சூளைப் பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணும் மொதலாளி" என்று கேட்கும்போதெல்லாம் சிரித்தே அனுப்பிவிடுவார்.

வெந்த கல்லை எடுக்கச் சூளை பிரிக்கிற நாளில், வெளியூர் விருந்தாளிகள் முன்னால் அவள் மறுபடியும் கேட்டாள். முதலாளி மீசையை முறுக்கினார்.

"மண்ணு மிதிக்கிறவங்களுக்கு எழுத்து எதுக்கு? எழுத்துத் தெரியாததால இங்க ஒரே ஒரு கல்லு கெட்டுச்சுன்னு காட்டு. என் நெலத்துல, என் கல்லுலயே கட்டித் தரேன். சத்தியம்!"

கன்னியம்மா இரண்டாம் வகுப்போடு சூளைக்கு வந்தவள். அந்த எழுத்தே போதுமாக இருந்தது. சூடு ஆறாத கல் ஒன்றை முந்தானையில் ஏந்திவந்து நீட்டினாள்.

"படிங்க மொதலாளி."

கல்லில் பெயர் பதிக்கும் புது அச்சைச் செய்த தச்சனுக்கு எழுத்துத் தெரியாது. 'ப'வைத் தொலைத்துவிட்டு, கொம்பை மட்டும் வளைத்து 'எ' ஆக்கியிருந்தான். அறுபதாயிரம் கல்லிலும் 'எருமை'!

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"முன்னாலயே சொன்னா என்ன?" என்று சீறினார் முதலாளி.

"எழுத்து எதுக்குன்னு நீங்கதானே கேட்டீங்க? அதான் பேசாம இருந்துட்டேன்."

சத்தியமும் தப்ப விடவில்லை, அந்தக் கல்லை வாங்கவும் ஆளில்லை. பள்ளிக்கூடம் எழுந்தது. திறப்பு நாளன்று கன்னியம்மா வாசல் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள்.

"என்னம்மா, எருமையையா கும்பிடுற?" என்றார் புது வாத்தியார்.

"எங்க வயித்துல பால வாத்த எருமை சார் இது!"